நீர் இறங்கிய கண்: புரை, வில்லை, மீண்டும் வந்த மங்கல்

அரபு மருத்துவ நூல்களில் கண்புரைக்கு வழங்கும் பெயர் ‘நுஸூலுல் மாஃ’ என்பதாகும். நீர் இறங்குதல் என்பது இதன் நேர்ப்பொருள். பாரசீகர் இதனை ‘ஆபே மர்வாரீத்’, அதாவது முத்துநீர் என்றனர். உருது மொழியில் ‘மோத்தியா’ என்ற பெயரில் அந்த முத்து இன்றும் வாழ்கிறது. அருவியைக் குறிக்கும் ‘கேட்டரேக்டா’ என்ற இலத்தீன் சொல் இந்நோய்க்குப் பெயராக அமைந்ததும், பதினோராம் நூற்றாண்டில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்த ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைனின் காலத்திலிருந்துதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

இப்பெயர்களுக்கெல்லாம் அடிப்படையாக அமைந்தது ஒரே கருத்து. தீய நீர் ஒன்று மேலிருந்து கண்ணுக்குள் இறங்கி, கண்மணித் துளைக்கும் அதன் பின்னுள்ள வில்லைக்கும் இடையே உறைந்து, பார்வையை மறைக்கிறது என்பதே அக்கருத்து. கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்த இவ்விளக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகெங்கும் கோலோச்சியது. அது தவறான விளக்கம். எனினும் அதனை நம்பிய மருத்துவர்கள் பலருக்குப் பார்வையை மீட்டுத் தந்தனர் என்பதும் உண்மையே.

புரை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்திக்கொண்ட முதியோருள் சிலர், ஓரிரு ஆண்டுகள் தெளிவாகப் பார்த்த பின்னர், “புரை திரும்பவும் வந்துவிட்டது” என்று சொல்லக் கேட்கிறோம். அகற்றப்பட்ட இயற்கை வில்லை மீண்டும் அந்த இடத்தில் புரையாக வளர்ந்து நிற்பதில்லை. அவ்வாறாயின் அவர்களுடைய கண்ணில் மங்கியது எது? கண்ணில் எது மங்கியிருக்கிறது, எங்கே மங்கியிருக்கிறது என்ற இக்கேள்வியைச் சுற்றியே கண்புரை மருத்துவத்தின் ஈராயிரம் ஆண்டு வரலாறு சுழல்கிறது. மங்கலின் இருப்பிடத்தைத் தவறாகக் கொண்டவிடத்துச் சிகிச்சையும் தவறியிருக்கிறது. அவ்வரலாற்றில் அரபு மருத்துவர்களின் பங்கு யாது, இன்றைய நோயாளிக்கு அதில் என்ன செய்தி இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மல்லாந்து படுத்துத் தொழலாமா?

புரைக்குச் செய்யப்பட்ட மிகப் பழைய சிகிச்சை ‘கத்ஹ்’ எனப்படும் சாய்ப்பு முறையாகும். கூரிய ஊசி ஒன்றைக் கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாகச் செலுத்தி, கண்மணிக்குப் பின்னால் மறைத்து நிற்கும் மங்கலைக் கீழே தள்ளிவிடுவார்கள். சுஸ்ருதரின் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல் இதனை விவரிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியரான செல்சஸும் விவரித்துள்ளார். எனவே புரை அறுவையைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே என்று நம் மேடைகளில் சில வேளை முழங்கப்படுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அரபு மருத்துவர்களின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

சாய்ப்பு முறையில் ஒரு பெருங்குறை உண்டு. கீழே தள்ளப்பட்ட பொருள் மீண்டும் மேலெழுந்து வந்து பார்வையை மறைக்கக்கூடும். அவ்வாறு நேராதிருக்க, நோயாளி பல நாட்கள் மல்லாந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். இங்கேதான் மருத்துவம் ஃபிக்ஹு நூல்களின் வாயிலுக்கு வந்து நிற்கிறது. குனியவும் நெற்றியை நிலத்தில் வைக்கவும் உடலில் வலிமையுள்ள ஒருவர், கண்ணுக்காக மட்டும் மல்லாந்து படுத்தபடி சைகையால் தொழலாமா?

அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) (மறைவு ஹி. 68 / கி.பி. 687) அவர்கள் முதுமையில் பார்வை இழந்தார்கள். ஏழு நாட்கள் படுத்தபடியே தொழுவதாயின் கண்ணுக்குச் சிகிச்சை செய்கிறேன், குணமாகும் என நம்புகிறேன் என்று ஒருவர் அவர்களிடம் கூறினார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி), அபூஹுரைரா (ரலி) முதலான நபித்தோழர்களிடம் ஆளனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். அந்நாட்களுக்குள் மரணம் நேர்ந்தால் தொழுகையின் நிலை என்னவாகும் என்று அவர்கள் வினவவே, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிகிச்சையையே கைவிட்டார்கள் என்று அறிவிக்கப்படுகிறது.

ஹன்பலீ மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹி. 620 / கி.பி. 1223) தமது ‘அல்-முக்னீ’ நூலில் இச்செய்தியை எடுத்து ஆராய்கிறார். இமாம் மாலிக், அவ்ஸாயீ ஆகியோர் இதனை ஆதாரமாகக் கொண்டு அவ்வாறு தொழுவது கூடாது என்றனர். இமாம் அபூஹனீஃபாவும் ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீயும் கூடும் என்றனர். மருத்துவம் அறிந்த நம்பகமானவர்கள் சொன்னால் கூடும் என்பதையே இப்னு குதாமாவும் ஏற்கிறார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி சரியானதேயாயினும், வந்தவர் உறுதியான அறிவின்றி நம்பிக்கையை மட்டுமே தெரிவித்திருக்கலாம். அல்லது அவர் தனி ஒருவராகவோ நிலை அறியப்படாதவராகவோ இருந்ததால் அவருடைய சொல் ஏற்கப்படாதிருக்கலாம் என்று அவர் விளக்கமளிக்கிறார். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (மறைவு ஹி. 676 / கி.பி. 1277) அவர்களும் நம்பகமான மருத்துவரின் சொல்லின் பேரில் அனுமதிப்பதையே மிகச் சரியான கருத்தாகக் கொள்கிறார்.

இவ்விவாதத்தில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. வணக்கத்தின் வடிவமே மாறுகின்ற ஓரிடத்தில், சட்ட அறிஞர்கள் தம் முடிவை மருத்துவரின் சொல்லின் மேல் நிறுத்துகின்றனர். ஆனால் அச்சொல்லுக்கு இரு நிபந்தனைகள் விதிக்கின்றனர்: சொல்பவர் துறையை அறிந்தவராக இருக்க வேண்டும், நம்பகமானவராகவும் இருக்க வேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் பின்வரும் வரலாறு முழுவதிலும் நம்முடன் வரும்.

கஹ்ஹால்களின் உலகம்

கண்மருத்துவருக்கு அரபியில் ‘கஹ்ஹால்’ என்று பெயர். சுர்மாவைக் குறிக்கும் ‘குஹ்ல்’ என்ற சொல்லின் அடியாகப் பிறந்தது இது. சுர்மா இடுபவர் என்ற எளிய பொருளிலிருந்து, தனி நூல்களும் தனிக் கருவிகளும் உடைய வல்லுநர் என்ற நிலைக்கு இச்சொல் உயர்ந்தது. ஹீரா நகரைச் சேர்ந்த நெஸ்தோரியக் கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு ஹி. 260 / கி.பி. 873) கண்ணைப் பற்றிய பத்துக் கட்டுரைகளைத் தொகுத்து இத்துறைக்கு அடித்தளமிட்டார். கிரேக்கக் கலைச்சொற்களுக்கு அவர் தந்த அரபு வடிவங்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்தன. கண்ணின் வில்லை அவருடைய நூலில் ‘அல்-ஜலீதிய்யா’, பனிக்கட்டியை ஒத்தது, என்ற பெயர் பெற்றது.

பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா அல்-கஹ்ஹால் எழுதிய ‘தத்கிரதுல் கஹ்ஹாலீன்’ ஏறத்தாழ 130 கண்நோய்களை விவரிக்கிறது. முதற்பகுதி கண்ணின் அமைப்பையும், இரண்டாம் பகுதி வெளியே புலப்படும் நோய்களையும், மூன்றாம் பகுதி புலனுக்கு மறைந்த நோய்களையும் கூறுகின்றன. புலப்படுவது, மறைந்தது என்ற இப்பகுப்பே, நோயின் இருப்பிடத்தை முதலில் தேடும் மனப்பாங்கைக் காட்டுகிறது. இறங்கிய ‘நீர்’ எல்லாம் அறுவைக்கு உரியதன்று என்பதைக் கஹ்ஹால்கள் நன்கறிந்திருந்தனர். நோயாளி ஒளியை உணர்கிறாரா, ஒரு கண்ணை மூடும்போது மற்றதன் கண்மணி விரிகிறதா என்று சோதித்த பின்னரே ஊசியை எடுத்தனர். முத்து நிறம், சுண்ண நிறம், பாதரச நிறம் என மங்கலின் நிறங்களை வகுத்து, எது சாய்ப்புக்கு இசையும், எது இசையாது என்றும் எழுதி வைத்தனர். அவர்கள் தந்த விளக்கம், பார்வைக்குரிய ஆவி நரம்பின் வழி கண்ணுக்கு வருகிறது என்பது, இன்று கைவிடப்பட்டது. ஆனால் ஒளியுணர்வையும் கண்மணியின் அசைவையும் பார்க்காமல் இன்றும் எந்த மருத்துவரும் புரை அறுவைக்கு நாள் குறிப்பதில்லை.

மருத்துவரின் அறிவைச் சோதிக்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அபூபக்ர் அர்ராஸீ (மறைவு ஹி. 313 / கி.பி. 925) அவர்களைப் பற்றிச் சொல்லப்படுகிறது. முதுமையில் அவருடைய கண்களில் நீர் இறங்கியது. அறுவை செய்ய வந்தவரிடம் கண்ணுக்கு எத்தனை அடுக்குகள் என்று அவர் கேட்டார். வந்தவருக்கு விடை தெரியவில்லை. இதனை அறியாதவர் என் கண்ணைத் தொட வேண்டாம் என்று ராஸீ மறுத்துவிட்டார் என அவருடைய வாழ்க்கையை எழுதியோர் கூறுகின்றனர்.

இக்காலத்தின் மிகத் துணிச்சலான முயற்சி அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலீயினுடையது. மோசுல் நகரில் பிறந்து, பல நாடுகளில் தொழில் செய்து, எகிப்தில் ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்-ஹாகிமின் காலத்தில் (ஹி. 386–411 / கி.பி. 996–1021) வாழ்ந்தவர் அவர். ‘அல்-முந்தகப்’ என்ற தம் நூலை அந்த ஆட்சியாளருக்கே காணிக்கையாக்கினார். மங்கலைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக, உள்ளே துளையுடைய உலோக ஊசியால் அதனை உறிஞ்சி வெளியேற்றுவது அவருடைய முறை. ஊசியைச் செய்து வைத்திருந்தும் நெடுநாள் அவர் அதனை யாரிடமும் பயன்படுத்தவில்லை. தபரிய்யா நகருக்கு வந்தபோது, மல்லாந்து படுக்க இயலாத நோயாளி ஒருவர் அவரிடம் வந்தார். பழைய முறையில் அவருக்குச் சிகிச்சை செய்ய வழியில்லை. அம்மார் துளை ஊசியால் புரையை உறிஞ்சி எடுத்தார். நோயாளிக்கு உடனே பார்வை தெரிந்தது. அவர் விரும்பியவாறு உறங்கவும் முடிந்தது. ஃபிக்ஹு நூல்கள் வாதித்துக்கொண்டிருந்த மல்லாந்து படுக்கும் சிக்கலை ஒரு கருவி அவிழ்த்துவிட்டதை இங்குக் காண்கிறோம்.

உறிஞ்சும் எண்ணம் அம்மாருக்கு முன்பும் இருந்தது. கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிய பழைய மருத்துவர்களைப் பற்றிய குறிப்பு ராஸீயின் ‘அல்-ஹாவீ’யில் உண்டு. ஆயினும் தாம் செய்த அறுவைகளை ஒவ்வொன்றாக, நோயாளியின் நிலையோடு எழுதி வைத்த பெருமை அம்மாருக்கே உரியது. அந்தலுஸின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவீயோ, ஈராக்கில் துளை ஊசியால் நீரை உறிஞ்சுவதாகக் கேள்விப்பட்டேன், ஆனால் எம் நாட்டில் யாரும் அவ்வாறு செய்யக் கண்டதில்லை என்ற கருத்தில் எழுதுகிறார். கேட்டதையும் கண்டதையும் கலவாமல் பிரித்துச் சொன்ன அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

நீர் என்று கருதியதால்தான் அம்மாருக்கு உறிஞ்சத் தோன்றியது. இளம் வயதினரின் மென்மையான புரை குழாய்க்குள் வந்தது. முதியோரின் இறுகிய புரை வராது. அம்முறை பரவலாக நிலைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இவ்வரலாற்றையெல்லாம் ஐரோப்பிய உலகுக்கு மீண்டும் எடுத்துக் காட்டியவர் பெர்லினைச் சேர்ந்த கண்மருத்துவர் யூலியஸ் ஹிர்ஷ்பெர்க் (1843–1925). அரபு அறிந்த அறிஞர்களின் துணையோடு 1904, 1905 ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்புகள் அலீ இப்னு ஈஸாவையும் அம்மாரையும் மறுபடி வாசிக்கச் செய்தன.

நீரன்று, வில்லையே

புரை என்பது வில்லையின் மங்கலே என்ற எளிய உண்மை ஏன் அத்தனை நூற்றாண்டுகள் புலப்படவில்லை? பார்வையை உணரும் உறுப்பே வில்லைதான் என்ற கேலனின் கோட்பாடு குறுக்கே நின்றது. உணரும் உறுப்பையே கீழே தள்ளினால் பார்வை எவ்வாறு திரும்பும்? ஆகவே தள்ளப்படுவது வேறு ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்று அனைவரும் கொண்டனர். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று நிறுவி ஒளியியலையே மாற்றியமைத்த இப்னுல் ஹைஸம் (கி.பி. 965 – சுமார் 1040) கூட, ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் உணரும் இடமாக வில்லையையே கொண்டார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. அதன் வழி வந்த ஒளியியலைக் கற்ற யோஹன்னஸ் கெப்ளர் 1604இல், உருவம் பதிவது விழித்திரையில், வில்லை ஒளியைக் குவிப்பதற்கே என்று விளக்கினார். வில்லை இன்றியும் கண் ஓரளவு பார்க்கலாம் என்பதற்கு அப்போதுதான் கோட்பாட்டில் இடம் பிறந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1705இல், பியேர் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இறந்துபோன போர்வீரர் ஒருவரின் கண்ணில் புரையைச் சாய்த்துவிட்டு, பின் அக்கண்ணைத் திறந்து பார்த்தார். கீழே கிடந்தது உறைந்த நீரோ சவ்வோ அன்று. மங்கிப்போன வில்லையே அங்குக் கிடந்தது. பாரிசின் அறிவியற் கழகம் இதனை உடனே ஏற்கவில்லை. 1707இல் அந்துவான் மேத்ர்-ழான் என்பவரும் இதையே எழுதிய பின்னர் எதிர்ப்பு தளர்ந்தது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தள்ளப்பட்டு வந்த பொருளை ஒருவர் எடுத்துப் பார்த்ததனால் நேர்ந்த மாற்றம் இது.

உண்மை தெரிந்ததும் சிகிச்சையும் மாறியது. 1747இல் ழாக் தவியேல் கண்ணின் முன்பக்கத்தை அறுத்து, வில்லையின் உறையைக் கிழித்து, உள்ளிருந்த மங்கிய வில்லையை வெளியே எடுத்தார். 115 அறுவைகளில் 100 வெற்றி பெற்றன என்று அவருடைய அறிக்கை கூறுகிறது. ஆனால் வில்லையின் பின்னுறை உள்ளேயே தங்கியதால், சிலருக்கு அங்கே ஒரு புதிய மங்கல் தோன்றியது. அதற்குப் பின்புரை என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் உறையோடு சேர்த்து வில்லையை முழுமையாக எடுக்கும் முறை பரவியபோது அச்சிக்கல் மறைந்தது. நோயாளியோ தடித்த கண்ணாடியுடன் எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டியதாயிற்று.

கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை ஏன் வைக்கக் கூடாது? லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புரை அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் 1948இல் ஹெரால்ட் ரிட்லியிடம் இப்படிக் கேட்டதாகச் சொல்வர். ரிட்லியின் உள்ளத்தில் அவ்வெண்ணம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் கண்ணுக்குள் தெறித்த விமானிகளை அவர் கண்டிருந்தார். கூர்முனை உறுத்தாதவரை அத்துண்டுகள் அழற்சியின்றி ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குள் கிடந்தன.

1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவருக்கு ரிட்லி முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். மிகத் தூய பெர்ஸ்பெக்ஸில் அதனைச் செய்து தந்தது ரேனர் நிறுவனம். முதற்பொருத்தம் ஒரு முன்னோட்டமாகவே அமைந்தது. நிலையாகப் பொருத்தியது 1950 பிப்ரவரியில். வில்லையின் ஆற்றல் சரியாகக் கணிக்கப்படாததால் அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. வில்லையைத் தாங்குவதற்கு உறை தேவைப்பட்டமையால், தவியேலின் வழியில் பின்னுறையை விட்டுவைக்க வேண்டியதாயிற்று. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே மருத்துவரின் கடமை, வைப்பதன்று என்று அக்காலக் கண்மருத்துவத்தின் பெருந்தலைவர்கள் அவரை எதிர்த்தனர். நகர்ந்துபோன வில்லைகளையும் அழற்சியையும் அவர்கள் சான்றாகக் காட்டினர். அச்சான்றுகளில் உண்மையும் இருந்தது. குறைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு, 1981இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செயற்கை வில்லைக்கு ஒப்புதல் அளித்தது. ரிட்லிக்கே முதுமையில் புரை வந்து, அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செயற்கை வில்லை பொருத்தப்பட்டது. 2000இல் ‘சர்’ பட்டம் பெற்ற அவர் 2001இல் மறைந்தார்.

நம் நாட்டில் விலையே பெருந்தடையாக இருந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992இல் ஆரோலேப் செயற்கை வில்லைகளைச் செய்யத் தொடங்கியது. இறக்குமதி வில்லையின் விலையில் சிறு பங்குக்கே அவை கிடைத்தன. ஏழை எளியவரின் கண்ணுக்கும் வில்லை எட்டியது.

முத்துகள் திரும்புகின்றன

பின்னுறை கண்ணுக்குள் தங்கியதும் தவியேல் காலத்து மங்கலும் திரும்பியது. வில்லையை எவ்வளவு கவனமாகச் சுத்தம் செய்தாலும், உறையின் விளிம்பில் சில உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பெருகி, செயற்கை வில்லைக்குப் பின்னால் உள்ள தெளிந்த உறையின் மேல் ஊர்ந்து படர்கின்றன. நோயாளி “புரை திரும்பிவிட்டது” என்று சொல்வது பெரும்பாலும் இதனையே. உருண்டு திரளும் அவ்வணுக்கள் பார்ப்பதற்கு முத்துக் கோவை போல இருப்பதால், அவற்றை விவரித்த மருத்துவரின் பெயரால் எல்ஷ்னிக் முத்துகள் என்று வழங்குகின்றனர்.

இதற்கான தீர்வு எளியது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் தனியேல் அரோன்-ரோசாவும் பெர்ன் நகரில் ஃபிரான்ஸ் ஃபான்க்ஹவுசரும் ‘யாக்’ லேசரைக் கண்மருத்துவத்துக்குக் கொண்டு வந்தனர். கத்தி இன்றிச் சில நிமிடங்களில், மங்கிய பின்னுறையின் நடுவே ஒரு சாளரம் திறக்கப்படுகிறது. நோயாளி அன்றே வீடு திரும்புகிறார். சிலருக்குக் கண்ணழுத்தம் உயர்வதும், அரிதாக விழித்திரை விலகுவதும் உண்டு. வில்லையின் பின்விளிம்பைக் கூர்மையாகச் செதுக்கினால் உயிரணுக்கள் எளிதில் உள்ளே ஊர்வதில்லை என்பது பின்னர் தெரியவந்து, இவ்வகை மங்கலும் வெகுவாகக் குறைந்தது.

வில்லையே மங்கும்போது

1990களின் இறுதியில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. சிறு துளை வழியே மடித்துச் செலுத்தத்தக்க மென்வில்லைகள் அப்போது பரவிக்கொண்டிருந்தன. அவற்றுள் நீரை ஈர்க்கும் அக்ரிலிக் வகையைச் சேர்ந்த சில, பொருத்தி ஓரிரு ஆண்டுகளில் பனி படர்ந்த கண்ணாடி போலாயின. உறை தெளிவாக இருந்தது, வில்லையே மங்கியிருந்தது. லேசரால் இதனைத் தீர்க்க இயலாது. அந்த வில்லையை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பதே வழி.

எடுக்கப்பட்ட வில்லைகளைத் துருக்கி உள்ளிட்ட நாடுகளின் மருத்துவர்கள் அமெரிக்காவில் டேவிட் ஆப்பிளின் (1941–2011) ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். அவரும் லிலியானா வெர்னர் முதலான ஆய்வாளர்களும் அவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, படிந்திருந்தது கால்சியம் பாஸ்பேட் எனத் தெரிந்தது. ‘ஹைட்ரோவியூ’ என்ற வில்லையில் அது மேற்பரப்பில் மணல் போல் படிந்திருந்தது. அவ்வில்லை அடைக்கப்பட்ட சிமிழின் மூடியில் இருந்த சிலிக்கோன், வில்லையின் மேல் ஏறியதே இதற்குத் துணை நின்றது என்று கண்டறிந்து, அவ்வுறையை மாற்றினர். வேறொரு வகையில் படிவு வில்லையின் உட்பகுதியிலேயே இருந்தது. நல்ல வில்லையும் சில சூழலில் மங்கலாம் என்பதும் பிறகு விளங்கியது. கருவிழிப்படல மாற்று அறுவையிலோ விழித்திரை அறுவையிலோ கண்ணுக்குள் காற்றும் வாயுவும் செலுத்தப்பட்டோரிடம், நீரை ஈர்க்கும் வில்லைகளில் இத்தகைய சுண்ணப் படிவு காணப்பட்டது.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய குறை இருந்தது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் பொருத்தப்பட்ட கெட்டியான பெர்ஸ்பெக்ஸ் வகை வில்லைகள் சிலவற்றில், பத்தாண்டுகளுக்கும் மேலாகிப் பனித்துகள் போன்ற சிதைவு தோன்றியது. விழிப்பளிங்கில் சுண்ணத் துகள்கள் மிதக்கும் நோயுடையோரிடம் சிலிக்கோன் வில்லையின் பின்பரப்பில் படிவு சேர்ந்தது. நீரை விலக்கும் அக்ரிலிக் வில்லைகளுக்குள் நுண்ணிய நீர்க்குமிழிகள் தோன்றி ஒளியில் மினுங்கின. இவை பெரும்பாலும் பார்வையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

நீர், முத்து, சுண்ணம் ஆகிய கஹ்ஹால்களின் சொற்கள் மூன்றும் புதிய நோய்களின் வருணனையில் மீண்டும் தலைகாட்டுவதை வாசகர் கவனித்திருப்பர். இதனைக் கொண்டு நம் முன்னோர் செயற்கை வில்லையின் நோய்களையும் அன்றே அறிந்திருந்தனர் என்று கொள்வது அறிவுக்குப் பொருந்தாது. கண்டதைக் கண்டவாறு எழுதும் எவரும், எந்நூற்றாண்டிலும், ஏறத்தாழ ஒரே உவமைகளை அடைகின்றனர் என்பதே இதன் பொருள். அவர்களுடைய விளக்கம் காலாவதியாகிவிட்டது. அவர்களுடைய பதிவு நிலைத்திருக்கிறது.

இருப்பிடம் தவறினால்

வில்லையின் மங்கல் அரிதானது. உறையின் மங்கல் பெருவழக்கு. எனவே மங்கல் என்றதும் உறை என்று கொள்ளும் பழக்கம் மருத்துவர்களிடையே எளிதில் ஏற்படுகிறது. மங்கிய வில்லையை உறையின் மங்கலாகத் தவறாக எண்ணி, லேசரால் பின்னுறையைத் துளைத்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பல முறை பதிவாகியுள்ளன. அதனால் பார்வை தெளிவதில்லை. அதைவிடப் பெரிய தீங்கு, உறை திறந்துவிட்டபடியால் பின்னர் வில்லையை மாற்றும் அறுவை கடினமாகிவிடுகிறது என்பதாகும். விழிப்பளிங்கு முன்னே சரியலாம். புதிய வில்லைக்குத் தாங்கிடம் இல்லாமலும் போகலாம். சில நிமிட லேசர், திருத்தத்தின் வாயிலையே குறுக்கிவிடுகிறது. கண்மணியை விரித்து, நுண்ணோக்கி விளக்கின் கீற்றொளியில் உறை எது, வில்லை எது என்று பொறுமையுடன் பிரித்துப் பார்ப்பதே இதற்குக் காப்பு. விழித்திரையிலும் கண் நரம்பிலும் நோயிருந்து பார்வை குன்றியிருக்கலாம் என்பதையும் அப்போதே சோதிக்க வேண்டும்.

நோயாளிக்கும் இதில் பங்குண்டு. பொருத்தப்பட்ட வில்லையின் வகை, ஆற்றல், எண் ஆகியவை அச்சிட்ட அட்டையையோ ஒட்டுத்தாளையோ மருத்துவமனையில் தருகின்றனர். பலர் அதனை மருந்துச் சீட்டுகளோடு எறிந்துவிடுகின்றனர். ஆண்டுகள் கழித்துப் பார்வை மங்கும்போது, உள்ளே இருப்பது எவ்வகை வில்லை என்ற கேள்விக்கு அந்த அட்டையே விடை. நம் வீட்டு முதியோரின் அட்டையைப் பாதுகாத்து வைப்பது, பத்திரங்களைப் பாதுகாப்பது போன்ற கடமையாகும்.

பிரிசோ இறந்தவரின் கண்ணைத் திறந்து பார்த்தார். ஆப்பிள் எடுத்தெறியப்படும் வில்லையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அம்மார் தம் நோயாளிகளின் நிலையை எழுதி வைத்தார். ஸஹ்ராவீ தாம் காணாததைக் காணவில்லை என்றே எழுதினார். இத்துறை அடைந்த ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் பின்னால், தமக்கு முன் இருந்ததைக் கூர்ந்து பார்த்து உள்ளபடி கூறிய ஒருவர் இருக்கிறார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தவர் உறுதியான அறிவின்றிப் பேசியிருக்கலாம் என்று இப்னு குதாமா சொன்னபோது அவர் எதிர்பார்த்ததும் இத்தகைய அறிவையே. இன்றைய அறுவைக்குப் பின் ஏழு நாட்கள் அசையாது மல்லாந்து கிடக்க வேண்டியதில்லை. குனிவதையும் நெற்றியை நிலத்தில் வைப்பதையும் எத்தனை நாள் தவிர்ப்பது என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டறிந்தால் போதும். தொழுகைக்கு இடையூறு நேருமே என்று அஞ்சி அறுவையைத் தள்ளிப்போடும் முதியோருக்கு ஃபிக்ஹு நூல்கள் எப்போதோ வழி திறந்து வைத்துள்ளன. அவ்வழியில் அவர்களை அழைத்துச் செல்பவர் துறையை அறிந்தவரா, நம்பகமானவரா என்று பார்ப்பது நம் பொறுப்பு. மங்கியது எது என்று கேட்டு, விடை பெற்ற பிறகே கண்ணை ஒப்படைக்க வேண்டும். கண்ணுக்கு எத்தனை அடுக்குகள் என்று கேட்ட ராஸீயின் கேள்வியை நாம் இந்த வடிவில் கேட்கலாம்.